இடக்கை ஜமீன்தார்

துபாய் ஜுமேராவில் வில்லா வாசல் மணியை அழுத்தினால் வேலைக்காரப் பெண் எட்டிப் பார்ப்பாள், இல்லையென்றால் நாய் எட்டிப் பார்க்கும். முத்துராமன் வீட்டில் முத்துராமனே எட்டிப் பார்த்தார். கதவுக்கு நேர் எதிர்ச் சுவரில், மூன்றடி உயரப் பித்தளைத் தகட்டில், தலைப்பாகையும் முறுக்கிய மீசையுமாகச் செதுக்கப்பட்டிருந்தார்.

"உசுரோட இருக்கிற மனுசனுக்கு எதுக்குண்ணே இம்புட்டுப் பெரிய படம்? மாலை போட மட்டும் மறந்துட்டாக போல" என்று கார்மேகம் முணுமுணுத்தான்.

"வாயை மூடிக்கொண்டு வாரும் காணும்" என்றார் சிவகுருநாதன்.

கார்மேகம் கமுதிப் பக்கத்துக்காரன். கத்தாரில் ராஸ் லஃபானுக்கு ஒப்பந்த வேலைக்கு வந்து, அங்கே ஒட்டாமல் துபாய்க்குத் தாவி, இப்போது சிவகுருநாதனுக்கு டிரைவர், கையாள், வாய் எல்லாம் அவன்தான். சிவகுருநாதன் யாழ்ப்பாணத்துக்காரர். இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளெய்ம்களைப் பிடித்தே தலை நரைத்தவர். ஓய்வுக்குப் பிறகு போர்டு மாட்டாமல் துப்பறிந்துகொண்டிருந்தார். போலீசுக்குப் போக முடியாத தமிழர்கள் அவரிடம் போனார்கள்.

கார்மேகத்துக்கு அந்த வீட்டில் நுழைந்ததுமே ஏதோ உறுத்தியது. தரை பளபளத்தது, குத்துவிளக்கு பளபளத்தது, மாடிப்படிக் கைப்பிடி கூடப் பளபளத்தது. வீட்டுக்காரரின் பித்தளை முகம் மட்டும் கறுத்துக் களிம்பேறிக் கிடந்தது. தன் மூஞ்சியின் மேல் இவ்வளவு ஆசை வைத்த மனிதர் அதைத் துடைக்க ஆள் வைக்கவில்லையா என்று யோசித்தான். அதற்குள் அசல் முத்துராமன் வந்துவிட்டார்.

"பொண்ணு கூப்பிட்டாளாம், நீங்க வந்தீங்களாம். எனக்குத் தெரிஞ்சிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன். திருடி யாருன்னு தெரிஞ்சுபோச்சு சார். இன்னிக்கு சாயங்காலத்தோட கலாஸ், முடிஞ்சது."

அபுதாபி ருவைஸில் சாரம் கட்டும் ஃபோர்மேனாக வந்து இறங்கி, இப்போது சொந்தமாகக் கட்டுமானக் கம்பெனி நடத்துபவர் முத்துராமன். உள் ஹாலில், அரபு மஜ்லிஸ் மாதிரிச் சுவரோரமாகப் போட்டிருந்த சோபாக்களுக்கு மேலே ஒரு பெரிய தேக்குச் சட்டம் காலியாகத் தொங்கியது. அதைக் காட்டினார்.

"எங்க கொள்ளுத் தாத்தா இருந்த இடம். அந்தக் காலத்துல ஜமீன்தாருங்க லண்டனுக்கு ஆள் அனுப்பி, தன் உருவத்தைச் செப்புத் தகட்டுல செதுக்க வச்சு, மை தடவி அச்செடுப்பாங்க. கலெக்டருக்கு ஒண்ணு, கவர்னருக்கு ஒண்ணு, பக்கத்து ஜமீன் பொறாமைப்படட்டும்னு அவனுக்கு ஒண்ணு. அப்படி அடிச்ச படம். லண்டன்ல ஒரு பழைய கடையில பார்த்து மீட்டுக்கிட்டு வந்தேன். நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுல வந்து இறங்குறாங்க. அவங்களும் ஜமீன் குடும்பம். எங்க பெரியவரை வந்து பாருங்கன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருந்தேன். இப்ப வெறும் சுவத்தைக் காட்டவா?"

"களவு போய் எவ்வளவு காலம்?"

"ரெண்டு வாரம். நாங்க ஒரு ரிசப்ஷனுக்குப் போயிருந்தோம். வீட்ல வேலைக்காரி நாகவள்ளி மட்டும்தான். திரும்பி வந்து பார்த்தா சட்டம் இருக்கு, படத்தைக் காணோம்."

"போலீசுக்குச் சொல்லேல்லையோ?"

"குடும்ப மானம் சார்."

இரண்டு வாரமாகப் போலீசுக்குப் போகாத மானம் இன்று சாயங்காலம் போகப்போகிறதாக்கும் என்று கார்மேகம் மனதுக்குள் நினைத்துக்கொண்டான். கேட்கவில்லை. சந்தேகத்தைச் சேர்த்துவைப்பது அவனுக்குப் பிடித்தமான காரியம்.

"படத்தை நான் பாத்ததில்லை. கண்ணுக்கு முன்னால நிக்கிற மாதிரி ஒருக்கா சொல்லுங்கோ" என்றார் சிவகுருநாதன்.

முத்துராமன் கண்ணை மூடிக்கொண்டார். குரல் கூடக் குழைந்தது. "சிங்க முகம் வச்ச நாற்காலி. பச்சைப் பட்டுத் தலைப்பாகை. பக்கத்துல கைகட்டி நிக்கிற புலவருக்கு வலது கையால தாம்பூலம் குடுக்கிறாரு. விரல்ல ரத்தச் சிவப்பா ஒரு கெம்பு மோதிரம். பார்த்தா கும்பிடத் தோணும் சார்."

சிவகுருநாதன் தலையாட்டினார். காலிச் சட்டத்தை இறக்கித் திருப்பிப் பார்த்தார். முதுகில் சத்வாவில் உள்ள ஒரு ஃப்ரேம் கடையின் ஸ்டிக்கர் இருந்தது. அட்டையில், படம் இருந்த இடத்தைச் சுற்றிப் பழுப்பாக ஒரு கறை. படத்தின் ஓரத்தை மறைக்க முன்னால் வைத்திருந்த வெள்ளை அட்டையான மவுண்ட்டின் சன்னலை அந்தக் கறையோடு வைத்துப் பார்த்தார். மூன்று பக்கமும் சரியாக இருந்தது. கீழே மட்டும் காகிதம் நன்றாக இறங்கி, மவுண்ட்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்திருக்கிறது.

சட்டத்தைத் திரும்ப மாட்டினார். "வேலைக்காரப் பிள்ளையைப் பாக்கவேணும்" என்றார்.

நாகவள்ளி சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்காரி. திருட்டுப் பட்டம் கட்டியும் வேலையை விடச்சொல்லவில்லை, அழுதுகொண்டே வேலை செய்கிறாள்.

"நான் எடுக்கலீங்க அய்யா. நாளைக்கு ராவைக்கு எனக்கு ப்ளைட்டு. மகளுக்குக் கல்யாணம். பாஸ்போட்டு தொரை கையில. திருடினது நான்தான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா பாஸ்போட்டத் தாறேங்கிறாரு. போடலைன்னா சாயங்காலம் போலீசுங்கிறாரு."

"போட்டுட்டு ஊருக்குப் போயிரலாமேம்மா?" என்றான் கார்மேகம், ஆழம் பார்க்க.

அவள் கையிலிருந்த தட்டை டங்கென்று வைத்தாள். "போடுறதா? நாளைக்கு அந்தத் தாளு எங்க ஊருக்கு வந்தா? களவாணி மகள எவன் கட்டுவான்? நான் ஜெயிலுக்கே போறேங்க. கையெழுத்து மட்டும் போடமாட்டேன்."

கார்மேகத்துக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் தொழில் தொழில்தானே. அவளுடைய பெட்டியைத் திறந்து பார்த்தான். பால்பவுடர் டின்கள், மகளுக்கு ஒரு கூறைச் சேலை, மருமகனுக்கு ஒரு கைக்கடிகாரம். மடித்த காகிதம் ஒன்று கூட இல்லை.

"ஏம்மா, வீடே மின்னுது. உங்க மொதலாளி மூஞ்சிய மட்டும் ஏன் இப்படிப் போட்டு வச்சிருக்க?" என்று பேச்சை மாற்றினான்.

"முன்னெல்லாம் தெனமும் தொடைப்பேங்க. இப்ப அதத் தொடவே கூடாதுன்னுட்டாரு."

சிவகுருநாதன் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

காருக்குப் போகும்போது முத்துராமனின் பெண் ஓடிவந்தாள். ராதிகா. அவள்தான் அவர்களைக் கூப்பிட்டவள். "அங்கிள், நாகு ஆன்ட்டி எடுக்கல. ஷீ ரெய்ஸ்டு மீ. பிளீஸ், ஏதாவது பண்ணுங்க."

"உங்கட அப்பாவின்ர கொள்ளுத் தாத்தா எந்தக் கையால தாம்பூலம் குடுக்கிறவர்?"

"லெஃப்ட். வை?"

"நல்லா ஞாபகமோ?"

"ஞாபகமா! நானே லெஃப்டி அங்கிள். சின்ன வயசுல இடது கையால எதை வாங்கினாலும் அம்மா அடிப்பாங்க. அப்பா படத்தைக் காட்டி, 'விடு, இது ஜமீன் ரத்தம், தாத்தா கையே இவளுக்கு வந்திருக்கு'ம்பாரு. அதுக்கப்புறம் யாரும் அடிக்கல." பர்ஸிலிருந்து ஒரு பழைய பிறந்தநாள் போட்டோவை எடுத்து நீட்டினாள், இடக்கையால். கேக்குக்குப் பின்னால் சுவரில் ஜமீன்தார் உட்கார்ந்திருந்தார். இடக்கையில் வெற்றிலை. படம் முழுக்கக் கறுப்பு மை.

கார் ஜுமேரா ரோட்டில் ஏறியதும் கார்மேகம் ஆரம்பித்தான். "அண்ணே, அப்பன் வலதுங்கிறாரு, மக இடதுங்கிறா. போட்டோ மக பக்கம் பேசுது. அப்பன் புளுகுறாரு. அதுவும் சொந்தப் பாட்டனப் பத்தி!"

"அவர் புளுகேல்லை. கண்டதைத்தான் சொன்னவர்."

"கண்டதுன்னா? சுவத்துல இருக்கிறது இடதுல்ல?"

"அதுதான் காணும் விசயம். ரோட்டைப் பாத்து ஓட்டும். இப்ப சாலிக் டோல் கேட்டுக்குள்ள புகுந்து எனக்குச் செலவு வைக்காதேயும்."

சத்வாக் கடையில் வாசு கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தான். நாகர்கோவில்காரன். முத்துராமன் பெயரைச் சொன்னதும் சிரித்துவிட்டான்.

"மறக்க முடியுமா சார்? படம் பெருசாத் தெரியணும்னுதான் எல்லாரும் ஃப்ரேம் போடுவாங்க. மறைக்கணும்னு வந்தவரு அவர் ஒருத்தர்தான். படத்துக்குக் கீழ பேரு, ஊரு, செதுக்கினவன் பேரு எல்லாம் இங்கிலீஷ்ல அச்சாயிருந்தது. அதுதானே சார் அந்த மாதிரிப் படத்துக்கு மரியாதையே! நான் எவ்வளவோ சொன்னேன். கேக்கல. மவுண்ட்டைக் கீழ இறக்கி வெட்டி மூடுன்னுட்டாரு."

"என்ன பேர்?"

"ஆள் பேரு நீளமா இருந்துச்சு, மறந்துட்டேன். ஊரு ஞாபகமிருக்கு. செவ்வல்கோட்டை ஜமீன்."

கொள்ளுத் தாத்தாவின் பெயரை எந்தப் பேரன் மூடுவான்? கார்மேகத்துக்குப் பாதி விளங்கியது. "அண்ணே, அவரு இவருக்குத் தாத்தாவே இல்ல! கடையில வாங்கின தாத்தா!"

"அது எனக்குச் சட்டத்தைப் பாத்தவுடனேயே தெரியும். மிச்சப் பாதியைப் பாரும்." சிவகுருநாதன் மேசையில் கிடந்த கடை ரப்பர் ஸ்டாம்பை எடுத்துக் காட்டினார். "இதில எழுத்து எப்பிடி இருக்கு?"

"தலைகீழா... இல்ல, இடம் வலமா மாறி இருக்கு. அடிச்சாத்தான் நேராகும்."

"செப்புத் தகடும் அப்பிடித்தான். லண்டன்காரனுக்கு முன்னால ஒரு வர்ண ஓவியம் இருந்திருக்கு. அதிலே ஜமீன்தார் எங்கட வழக்கப்படி வலக்கையாலதான் குடுத்திருப்பார். வெள்ளைக்காரன் அதைப் பாத்து அப்பிடியே தகட்டில செதுக்கினான். அச்சில விழேக்கை கை மாறிப்போச்சு. எழுத்தை மட்டும் மறக்காமல் மாத்திச் செதுக்கினவன், கையைப் பற்றிக் கவலைப்படேல்லை. அவனுக்கு எந்தக் கையால தாம்பூலம் குடுத்தாலும் ஒண்டுதான்."

கார்மேகம் கத்தினான். "பச்சைத் தலைப்பா! கெம்பு மோதிரம்! கறுப்பு மையில ஏதுண்ணே பச்சையும் சிவப்பும்? அவரு அந்த ஓவியத்தையே பாத்திருக்காரு!"

"எங்கை?"

சிவகுருநாதன் ராதிகாவின் மொபைலுக்கு அடித்து ஸ்பீக்கரில் போட்டார். "பிள்ளை, உங்கட மாப்பிள்ளை வீட்டாருக்கு எந்த ஊர்?"

"செவ்வல்கோட்டை அங்கிள். பெரிய பேலஸ் மாதிரி வீடாம். அப்பா மட்டும் போன மாசம் போய்ப் பார்த்துட்டு வந்தாரு. வந்ததிலிருந்து சரியாவே சாப்பிடல. ஏன் அங்கிள்?"

"நாங்கள் வாறம். நாகவள்ளியைக் கையெழுத்துப் போட விடாதேயும்."

திரும்பும் வழியெல்லாம் கார்மேகத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சம்பந்தி வீட்டுக்குப் போன இடத்தில், இத்தனை வருடம் 'என் பாட்டன்' என்று சொல்லிவந்த ஆள் அங்கே வண்ணத்தில் உட்கார்ந்திருந்தால் யாருக்கும் சோறு இறங்காதுதான். அவர்கள் வருவதற்குள் படம் மறைய வேண்டும். சும்மா கழற்றினால் எங்கே என்று கேட்பார்கள். களவு போனால் அனுதாபப்படுவார்கள். களவுக்கு ஒரு கள்ளி வேண்டும். தட்டிக்கேட்க ஆளில்லாத ஒருத்தி அடுப்படியில் இருந்தாள்.

"படத்தைக் கிழிச்சுப் போட்டிருப்பாரு. எப்படிண்ணே நிரூபிப்போம்?"

"கிழிக்கேல்லை. எங்கை இருக்கெண்டு அந்த நாகவள்ளிப் பிள்ளையே சொல்லிட்டுது."

சாயங்கால மஃரிப் பாங்கு கேட்கும் நேரத்தில் வீட்டுக்குள் நுழைந்தார்கள். ஹாலில் நாகவள்ளி நின்றிருந்தாள். முன்னால் மேசையில் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும். பக்கத்தில் ராதிகா அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"யல்லா, போடு. இல்லேன்னா இப்பவே போன் பண்றேன்" என்றார் முத்துராமன்.

"ஒரேயொரு கேள்வி. தலைப்பாகை என்ன நிறம் எண்டு சொன்னீங்கள்?" என்றார் சிவகுருநாதன்.

"பச்சை. அதுக்கென்ன இப்ப?"

"கறுப்பு மையில அடிச்ச படத்தில பச்சை எப்பிடி வந்தது?"

ராதிகா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"கார்மேகம், திருப்புளி இருக்கோ?"

"டிரைவர்கிட்ட இல்லாமயா? எதைக் கழட்டணும்ணே?"

"வீட்டுக்காரரின்ர முகத்தை."

"சார், அதைத் தொடாதீங்க!" முத்துராமன் ஓடிவந்தார். ஆனால் கார்மேகம் வாயில் மட்டுமல்ல, கையிலும் வேகக்காரன். நாலாவது திருகாணி வெளியே வந்ததும் பித்தளை முத்துராமன் முன்னால் சாய்ந்தார். அவருக்கு முதுகுப் பக்கம், மெல்லிய துணியில் பத்திரமாகச் சுற்றி, மடிப்புக் கூட விழாமல், செவ்வல்கோட்டை ஜமீன்தார் ஒளிந்திருந்தார். இடக்கையை நீட்டியபடி.



"தன் மூஞ்சியைத் துடைக்காதேயெண்டு ஒரு மனுசன் சொன்னால், அதுக்குப் பின்னால என்னவோ இருக்கு" என்றார் சிவகுருநாதன்.

முத்துராமன் சோபாவில் விழுந்தார். "கிழிக்கத்தான் எடுத்தேன். கை வரல. எங்க அப்பா கொத்தனாரு சார். அவருக்குன்னு ஒரு போட்டோ கிடையாது. மூஞ்சியே மறந்துபோச்சு. எல்லாரு வீட்லயும் ஒரு பெரியவர் தொங்குறாரே, எனக்கும் ஒருத்தர் இருக்கட்டும்னு வாங்கினேன். கீழ இருந்த இங்கிலீஷைப் படிக்காமலே மூடச் சொன்னேன். சொல்லிச் சொல்லி நானே நம்பிட்டேன். தயவுசெஞ்சு மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியவேணாம். அவங்க பாட்டனை என் பாட்டன்னு சொன்னேன்னு தெரிஞ்சா காறித் துப்புவாங்க. கல்யாணம் நின்னுபோகும்."

கார்மேகத்துக்கு ஒரு கணம் பாவமாகத்தான் இருந்தது. மேசையில் கிடந்த வெள்ளைத் தாளைப் பார்த்ததும் அது போய்விட்டது. தாளை எடுத்து நாலாகக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

ராதிகா யாரையும் கேட்கவில்லை. மொபைலை எடுத்து மாப்பிள்ளையின் தாத்தாவுக்கு அடித்தாள், ஸ்பீக்கரில். முத்துராமன் எழுந்து தடுக்கப் போக, சிவகுருநாதன் அவர் தோளில் கை வைத்து உட்காரவைத்தார். பெண் ஒன்று விடாமல் சொன்னாள். லண்டன் கடை, மறைத்த பெயர், நாகு ஆன்ட்டி, பித்தளை எல்லாம்.

அந்தப் பக்கம் ஒரு கிழட்டு இருமல்.

"யம்மாடி, அந்தப் படத்துக்காரரு எங்க பாட்டனும் இல்ல தாயி."

முத்துராமன் தலை நிமிர்ந்தது.

"நான் பருத்தி யாவாரி. ஜமீன் நொடிச்சு அரண்மனை விலைக்கு வந்துச்சு, வாங்கினேன். படம் சுவத்தோட இருந்துச்சு. வந்தவக எல்லாம் 'உங்க பாட்டனாரா, என்னா களை'ன்னாக. நான் ஆமான்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல. போன மாசம் உங்க அப்பா அதைப் பாத்ததும் மூஞ்சி வெளுத்துப்போச்சு. நம்ம குட்டு தெரிஞ்சுபோச்சு, சம்பந்தம் போச்சுன்னு அன்னையிலேருந்து எனக்கு உறக்கம் இல்ல." மறுபடி இருமல். "அந்தப் பொம்பளைய மொதல்ல ஊருக்கு அனுப்பச் சொல்லு தாயி. மத்ததை நாளைக்கு நேருல வந்து பேசுவோம்."

கார்மேகம் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தான். முடியவில்லை. பித்தளைத் தகட்டுக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வந்தான்.

ராதிகா அப்பாவின் அறைக்குப் போய்ப் பாஸ்போர்ட்டோடு வந்தாள். இடக்கையால்தான் நீட்டினாள். முத்துராமன் அதைப் பார்த்தார், ஜமீன் ரத்தம் என்று சொல்ல இப்போது அவரிடம் ஒன்றும் இல்லை. நாகவள்ளி இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நாகவள்ளி, தப்புப் பண்ணிட்டேன்" என்றார் முத்துராமன், தரையைப் பார்த்தபடி.

அவள் தரையில் சாய்த்து வைத்திருந்த ஜமீன்தாரின் எதிரே போய்க் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"அப்ப இவரு தொரைக்கும் சொந்தமில்ல, அவுங்களுக்கும் சொந்தமில்லையா?"

"ஒருத்தருக்கும் இல்லைம்மா" என்றான் கார்மேகம்.

"பாவம் மனுசன்." முந்தானை நுனியால் ஜமீன்தாரின் நெற்றியில் ஒட்டியிருந்த சுவர்த் தூசியைப் பழக்க தோஷத்தில் துடைத்தாள். "இத்தன வருசம் இவரு மூஞ்சியத் தொடச்சு விட்டது நான் ஒருத்திதான். என்னையவே களவாணியாக்கப் பாத்தாங்க."

பாஸ்போர்ட்டை இடுப்பில் செருகிக்கொண்டு, பெட்டி கட்ட உள்ளே போனாள்.